பான் பவர் மீட்டர்: 1490-ஐயும் 1550-ஐயும் பிரித்துக் காட்டும் பெட்டி, பதினான்கு மாத அனுபவம்

பாவூர்சத்திரத்தைச் சுற்றி மூன்று ஊர்களில் கேபிள் டிவியும் இன்டர்நெட்டும் கொடுக்கிறேன். அப்பா 1990-களில் டிஷ் வைத்து, கறுப்புக் கேபிள் இழுத்து ஆரம்பித்த தொழில். 2019-இல் மொத்தத்தையும் ஃபைபருக்கு மாற்றினோம். வீட்டுக்கு ஒரே ஒரு ஃபைபர், அதிலேயே டிவியும் நெட்டும் போகிறது. இந்த வேலையில் இருக்கும் எல்லோர் பையிலும் ஒரு பவர் மீட்டர், அதாவது ஃபைபரில் வரும் வெளிச்சத்தின் அளவைக் காட்டும் கருவி, இருக்கும். என்னிடம் ஐந்து வருடமாக ஒரு மஞ்சள் மீட்டர் இருந்தது. போன வருடம் ஆடியில் அதை நம்பி நான்கு நாள் அலைந்தேன். அப்புறம்தான் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் 6,800 ரூபாய் கொடுத்து பான் பவர் மீட்டர் வாங்கினேன். ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் லைனைத்தான் பான் என்பார்கள். தினமும் எட்டுப் பத்து வீட்டில் எடுத்து மாட்டுகிற சாமான் என்பதால், பதினான்கு மாதத்தில் அதன் நல்லது கெட்டது இரண்டும் நன்றாகத் தெரிந்துவிட்டது.

கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. இதே பெட்டி நான்கைந்து பெயரில் விற்கிறது. மேலே ஒட்டிய ஸ்டிக்கர்தான் மாறும். வாங்கும்போது எதைச் சோதித்து வாங்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன், பெயரைவிட அதுதான் உதவும்.

முதலில் அந்த நான்கு நாள் கதை. அதைச் சொன்னால்தான் இந்த மீட்டர் எதற்கு என்பது விளங்கும்.

கீழத் தெருவில் ஒரு ஆச்சி, பீடி சுற்றிக்கொண்டே டிவி பார்ப்பார். பேத்தி இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கல்லூரி தேர்ந்தெடுக்கிற வாரம் அது. காலையில் போன் வந்தது, நெட் இல்லை. போய்ப் பார்த்தால் ஓஎன்யு பெட்டியில், அதாவது ஃபைபரின் வெளிச்சத்தை வாங்கி நெட் கொடுக்கும் வீட்டுப் பெட்டியில், சிவப்பு விளக்கு மின்னுகிறது. மஞ்சள் மீட்டரை மாட்டினேன். நெட் வரும் வெளிச்சத்தின் அலைநீளம் 1490 நானோமீட்டர், டிவியுடையது 1550. பட்டனை 1490-க்கு வைத்தால் மைனஸ் 4.0 டிபிஎம் (வெளிச்சத்தின் அளவு இது, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு). 1550-க்கு மாற்றினால் மைனஸ் 4.1. இரண்டு வெளிச்சமும் தாராளமாக வருகிறது, அப்படியானால் பெட்டிதான் போய்விட்டது என்று முடிவு செய்தேன். புதுப் பெட்டி மாட்டினேன். அதிலும் சிவப்பு. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அதே லைனில் இன்னும் ஆறு வீட்டில் இதே புகார். மூன்று பெட்டி மாற்றினோம், கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயர் 180 மீட்டர் புதிதாக இழுத்தோம், இரண்டு ஜாயின்ட்டை வெட்டித் திரும்பப் போட்டோம். எதுவும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டு செல்போனில் இருந்து நெட் வாங்கிக் கவுன்சிலிங் வேலையை முடித்தது. எனக்கு அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ஆச்சிதான் கேட்டார்: "ஏ தம்பி, டிவி நல்லா ஓடுதே, அப்ப வயரு நல்லாத்தானய்யா இருக்கு?"

கேள்வி அங்கேதான் இருந்தது. ஒரே கண்ணாடி இழை, அதில் ஒன்று ஓடுகிறது, ஒன்று ஓடவில்லை என்றால், போகிற இரண்டு வெளிச்சமும் வேறு வேறு. எனக்குத் தெரியாததல்ல இது. ஆனால் மீட்டர் இரண்டையும் நல்லது என்றுதானே காட்டியது?

மஞ்சள் மீட்டரின் உள்ளே இருப்பது ஒரே ஒரு சென்சார். உள்ளே வருகிற வெளிச்சம் எந்த அலைநீளமாக இருந்தாலும் மொத்தமாகக் கூட்டி ஒரு எண்ணாகக் காட்டும். 1310, 1490, 1550 என்று பட்டனை மாற்றும்போது அது வெளிச்சத்தைப் பிரிப்பதில்லை. "இப்போது வருவது இந்த அலைநீளம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு" என்று சொல்கிறோம், அவ்வளவுதான். சென்சாரின் உணர்வு அலைநீளத்துக்கு அலைநீளம் கொஞ்சம் மாறும், அந்தத் திருத்தத்துக்கான பட்டன் அது. நான் ஐந்து வருடம் அதை ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றுகிற பட்டன் மாதிரி நினைத்திருந்தேன். மைனஸ் 4.0-க்கும் மைனஸ் 4.1-க்கும் உள்ள அந்தச் சின்ன வித்தியாசம் கணக்கின் வித்தியாசம் மட்டுமே. இரண்டு தடவையும் நான் பார்த்தது டிவியின் வெளிச்சத்தை.

எங்கள் லைனில் டிவி 1550 நானோமீட்டரில் போகிறது. ஆபீசில் டிவி வெளிச்சத்தைப் பெருக்கும் ஈடிஎஃப்ஏ பெட்டி இருக்கிறது, ஒவ்வொரு துளையிலும் 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட். நெட், வீட்டுப் பெட்டிகளோடு பேசும் ஆபீஸ் பெட்டியான ஓஎல்டியில் இருந்து 1490-இல் வருகிறது, அது 2 மில்லிவாட்டுக்கும் குறைவு. இரண்டையும் ஆபீசிலேயே ஒன்றாகச் சேர்த்துத் தெருவுக்கு அனுப்புகிறோம். வீட்டுக்கு வரும்போது இரண்டும் அதே விகிதத்தில் குறைந்திருக்கும். கோயில் கொடையில் மைக்செட் அலறும்போது பக்கத்தில் நிற்பவர் காதோடு சொல்வது கேட்குமா? மஞ்சள் மீட்டருக்கு அன்றைக்கு அந்த நிலைமைதான். அதற்கு 1490 செத்ததும் தெரியாது, இருந்ததும் தெரியாது.

சரி, புது மீட்டர். பஸ்ஸில் திரும்பி வந்த அன்றே ஆச்சி வீட்டுக்குத்தான் முதலில் எடுத்துப் போனேன். இதன் உள்ளே வெளிச்சத்தை அலைநீளத்துக்கு ஏற்பப் பிரிக்கும் ஃபில்டரும், தனித்தனி சென்சாரும் இருக்கின்றன. திரையில் மூன்று வரி, ஒரே நேரத்தில்: 1310, 1490, 1550. மாட்டினேன். 1550 மைனஸ் 4.0. அதற்கு மேல் வரியில் 1490 மைனஸ் 28.4.

ஓஎன்யு பெட்டி மைனஸ் 27 வரைதான் பிடிக்கும். அதற்குக் கீழே போனால் சிவப்பு விளக்குதான். டிவி வெளிச்சம் நெட் வெளிச்சத்தைப்போல 275 மடங்கு அதிகமாக இருந்திருக்கிறது. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறேன், கூட வந்த பையன் "அண்ணாச்சி, இத மொதல்லயே வாங்கியிருக்கலாம்" என்றான். உண்மை.

அதற்கப்புறம் நடந்ததுதான் இந்த மீட்டரின் அருமை. இரண்டு எண்ணுக்கும் இடையில் வித்தியாசம் 24.4 டிபி (டிபிஎம் எண்களின் ஏற்ற இறக்கத்தை டிபி என்போம்). தெருமுனைப் பெட்டிக்குப் போய், ஒரு இழையைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் மாட்டினேன். 1550 பிளஸ் 7.0, 1490 மைனஸ் 17.3. வித்தியாசம் 24.3. ஆபீசுக்கு வந்து ஈடிஎஃப்ஏ வாசலிலேயே மாட்டினேன். பிளஸ் 20.1, மைனஸ் 4.2. வித்தியாசம் அதே 24.3. இழையிலோ ஜாயின்ட்டிலோ ஸ்ப்ளிட்டரிலோ கோளாறு என்றால் இரண்டு வெளிச்சமும் சேர்ந்து அடிபடும். இங்கே வித்தியாசம் மாறவே இல்லை. அப்படியானால் தெரு முழுக்கச் சுத்தம், இரண்டும் சேர்வதற்கு முன்னாலேயே 1490 அடிபட்டிருக்கிறது. புதிதாக இழுத்த 180 மீட்டர் வயரும் வீண், மாற்றிய மூன்று பெட்டியும் வீண்.

ஓஎல்டியில் இருந்து ஈடிஎஃப்ஏவுக்குப் போகும் பேட்ச் கார்டை, அதாவது இரண்டு முனையிலும் கனெக்டர் உள்ள சின்ன ஃபைபர் வயரை, கையில் எடுத்துப் பார்த்தேன். பத்து நாளைக்கு முன்னால் எலி கடித்துவிட்டது என்று ராத்திரி பதினொரு மணிக்கு அவசரமாக மாற்றிய கார்டு, நான்தான் மாற்றினேன். ஓஎல்டி பக்கம் நீலக் கனெக்டர் வர வேண்டிய இடத்தில் பச்சைக் கனெக்டர் செருகியிருக்கிறது. பச்சையின் முனை எட்டு டிகிரி சாய்த்துத் தேய்த்திருக்கும், நீலத்தின் முனைக்கு அந்தச் சாய்வு கிடையாது. இரண்டையும் எதிரெதிரே வைத்தால் நடுவில் காற்று இடைவெளி விழும், வெளிச்சம் சிதறிவிடும். செருகும்போது நன்றாகத்தான் உட்காரும், டக்கென்று சத்தமும் வரும். நீல முனைக் கார்டை எடுத்து, கிளீனர் பேனாவால் துடைத்து மாட்டினேன். 1490 மைனஸ் 4.2-இல் இருந்து பிளஸ் 0.4-க்கு ஏறியது. ஆச்சி வீட்டில் மைனஸ் 23.8. ஏழு வீட்டிலும் பச்சை விளக்கு. அந்தத் துளையில் இருந்த மற்ற வீடுகள் பக்கத்தில் இருந்ததால் மைனஸ் 26-இல் தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. லைனின் கடைசியில் இருந்த ஏழு வீடு மட்டும் விழுந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கேஸ் ஒன்று கார்த்திகை மழையில் வந்தது. நெட் ஓடுகிறது, டிவி மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது. அந்த வீட்டில் வழக்கமாக 1490 மைனஸ் 21.0, 1550 மைனஸ் 5.2 இருக்கும். அன்றைக்கு 1490 மைனஸ் 24.2, 1550 மைனஸ் 11.8. இரண்டும் குறைந்திருக்கிறது, ஆனால் 1550 இரண்டு மடங்கு குறைந்திருக்கிறது. இப்படி இருந்தால் எங்கேயோ வயர் மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அலைநீளம் கூடக் கூட வெளிச்சம் வளைவில் தாக்குப் பிடிக்காமல் வெளியே கசிந்துவிடும். 1310 நன்றாகத் தாங்கும், 1490 அதைவிடக் கொஞ்சம் குறைவு, 1550 அதையும்விடக் குறைவு. தேடினால், மழைத்தண்ணீர் வருகிறது என்று ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள், கதவு இடுக்கில் டிராப் வயர் மாட்டி நசுங்கியிருக்கிறது. எடுத்துவிட்டு வளைவைப் பெரிதாக்கினதும் பழைய எண் வந்துவிட்டது. அழுக்குக் கனெக்டராக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருக்கும். ஏணி எடுப்பதற்கு முன்னாலேயே எங்கே தேட வேண்டும் என்று தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கம்பம் ஏறுகிறவனுக்குத்தான் தெரியும்.

ஏன் இந்த மூன்று எண்கள் என்று பையன் கேட்டுக்கொண்டே இருப்பான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். கண்ணாடி இழை எல்லா அலைநீளத்தையும் ஒரே மாதிரி கடத்தாது. 1260-இல் இருந்து 1360 வரை ஓ பேண்ட். இப்போது நாம் போடும் வகை இழையில் ஆரம்ப காலத்தில் இருந்தே புழங்கும் பட்டை அது. 1310 அதில்தான் இருக்கிறது. அங்கே கிலோமீட்டருக்கு 0.35 டிபி போல இழப்பு இருந்தாலும், வெளிச்சத் துடிப்பு ஓடஓட அகன்று கலங்கிப் போகும் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. அதனால் விலை குறைந்த லேசரே போதும். ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்குள்ளும் ஒரு லேசர் வைக்க வேண்டுமே, அதனால் வீட்டில் இருந்து ஆபீசுக்குத் திரும்பி வருகிற வெளிச்சத்தை 1310-இல் வைத்தார்கள். 1360-இல் இருந்து 1460 வரை ஈ பேண்ட். பழைய இழைகளில் 1383 பக்கம் கண்ணாடிக்குள் தங்கிய ஈரத்தால் வெளிச்சம் உறிஞ்சப்படும், அதனால் அந்தப் பட்டையை யாரும் தொடாமல் விட்டார்கள். ஜி.652டி வகை இழை வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. 1460 முதல் 1530 வரை எஸ் பேண்ட், நெட் இறங்கி வரும் 1490 அங்கே. 1530 முதல் 1565 வரை சி பேண்ட். இழப்பு மிகக் குறைவு, கிலோமீட்டருக்கு 0.2 டிபி போலத்தான்.

சி பேண்டுக்கு இன்னொரு பெருமை உண்டு. எர்பியம் என்ற உலோகம் கலந்த இழை வெளிச்சத்தை வெளிச்சமாகவே பெருக்கும், அதைக் கரண்டாக மாற்றித் திரும்ப வெளிச்சமாக்க வேண்டாம். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னின் குழு 1987-இல் இதைச் செய்து காட்டியது. அந்தப் பெருக்கம் நடப்பது இந்த 1550 வட்டாரத்தில்தான். எங்கள் ஆபீஸ் ராக்கில் இருக்கும் ஈடிஎஃப்ஏவும், கடலுக்கு அடியில் கேபிளில் கோத்துக் கிடக்கும் ரிப்பீட்டர்களும் ஒரே வம்சம். டிவியை ஒரே ஒரு பெட்டியில் இருந்து நூற்றுக்கணக்கான வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்க முடிகிறது என்றால் அதனால்தான்.

1310 வரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓஎன்யு தன்பாட்டுக்கு வெளிச்சம் விடாது. ஓஎல்டி அதற்கு முறை கொடுத்தால்தான், அந்த நொடிக்குள் ஒரு துளி நேரம் மட்டும் பேசும். தெருவில் இருக்கும் எல்லாப் பெட்டியும் ஒரே இழையில் திரும்பிப் பேசுகின்றன, ஒன்றின்மேல் ஒன்று விழக்கூடாது அல்லவா? அதனால் சாதாரண மீட்டரை ஓஎன்யு வாயில் மாட்டினால் ஒன்றும் காட்டாது. "பெட்டி செத்துவிட்டது" என்று எத்தனையோ நல்ல பெட்டியைத் தூக்கிப் போட்டிருக்கிறோம். இந்த மீட்டரில் இரண்டு துளை. ஒன்றில் தெருவில் இருந்து வரும் வயர், மற்றதில் பெட்டிக்குப் போகும் பேட்ச் கார்டு. நடுவில் உட்கார்ந்து, லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டி பேசுகிற அந்தத் துளி நேரத்தைப் பிடித்து அளக்கிறது. என் பெட்டிகளில் பெரும்பாலும் பிளஸ் 2 பக்கம் காட்டும். அது நன்றாக இருந்து 1490-உம் நன்றாக இருந்தால், கோளாறு வெளிச்சத்தில் இல்லை, ஆபீசில் செட்டிங்கைப் பார்க்க வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. நடுவில் மாட்டும்போது மீட்டரே ஒன்றரை டிபி வரை தின்றுவிடுகிறது. மைனஸ் 26-இல் ஓடும் வீட்டில் இதை மாட்டினால் நெட் போய்விடும், மீட்டர் கெடுத்துவிட்டது என்று வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அந்த மாதிரி வீட்டில் ஒரு துளையில் மட்டும் மாட்டி அளந்துவிட்டு எடுத்துவிட வேண்டும். திரை மத்தியான வெயிலில் தெரியவே தெரியாது. கம்பத்தின் மேல் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் படிக்கிறேன். துளையின் மூடி ரப்பர், மூன்றே மாதத்தில் ஒன்று அறுந்துவிட்டது. மூடி இல்லாமல் பையில் போட்டால் தூசி ஏறி எண் தப்பும். வாரம் ஒரு தடவை கிளீனர் பேனாவால் துடைக்காவிட்டால் ஒரு டிபி வரை குறைத்துக் காட்டுகிறது. விளக்கப் புத்தகம் ஒரு தாள், எழுத்து எறும்பு மாதிரி. எல்லை வைப்பது எப்படி என்பதை நானே அமுக்கி அமுக்கிக் கண்டுபிடித்தேன். மைனஸ் 25-க்குக் கீழே போனால் மஞ்சள், மைனஸ் 27-க்குக் கீழே போனால் சிவப்பு என்று வைத்துக்கொடுத்ததில், புதிதாகச் சேர்ந்த பையன்கூட எண்ணைப் படிக்காமலே வேலை பார்க்கிறான். இந்த ஒரு வசதி மிக நன்றாக இருக்கிறது. பேட்டரியும் பரவாயில்லை, தினசரி வேலைக்கு ஐந்து நாள் வருகிறது.

வாங்குகிறவர்கள் கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கடைக்காரரிடம் 1550 விடும் லைட் சோர்ஸ் இருக்கும். அதை மாட்டச் சொல்லுங்கள். 1550 வரியில் எண் வர வேண்டும், 1490 வரி வெறுமையாக இருக்க வேண்டும். 1490-லும் ஏதாவது எண் வந்தால் ஃபில்டர் சரியில்லை, அந்தப் பெட்டி வேண்டாம். நான் பார்த்த முதல் பெட்டி அப்படித்தான் காட்டியது, இரண்டாவதை வாங்கினேன். 1550 பக்கம் எவ்வளவு பவர் தாங்கும் என்றும் பாருங்கள். என்னுடையதில் பிளஸ் 23 போட்டிருக்கிறது. ஈடிஎஃப்ஏ வாசலில் மாட்ட அது வேண்டும். அந்த வாசலைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். சிவப்பு லைட் பேனாவைப் போல இது கண்ணுக்குத் தெரியாது, 100 மில்லிவாட் கண்ணில் பட்டால் கண்ணுக்கு ஆபத்து.

வெறும் இன்டர்நெட் மட்டும் கொடுக்கிறவர்கள், இழையில் டிவி வெளிச்சம் இல்லாதவர்கள், இதற்கு 6,800 செலவழிக்க வேண்டாம். வருவது ஒரே வெளிச்சம் என்றால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மஞ்சள் மீட்டரே சரியான எண்ணைச் சொல்லும். ஒரே இழையில் டிவியும் நெட்டும் விடுகிறவர்களுக்கு இது இல்லாமல் தொழில் செய்யக் கூடாது என்றே சொல்வேன். எனக்கு அந்த நான்கு நாளில் வீணான வயர், பெட்டி, ஆள் கூலி மட்டும் இந்த மீட்டரின் விலைக்கு மேல்.

இதில் இல்லாத ஒன்று 1577. புதிதாக வரும் பத்து கிகா லைன், எக்ஸ்ஜிஎஸ்-பான் என்பார்கள், அதில் நெட் 1577-இல் இறங்கும், அது எல் பேண்ட். திரும்புவது 1270-இல். இந்த மீட்டரில் அந்த இரண்டுக்கும் வரியே கிடையாது. நான்கு அலைநீளம் காட்டும் பெட்டியும் கடையில் இருக்கிறது, விலை இதைப்போல மூன்று மடங்கு சொன்னார்கள். எங்கள் ஊரில் இப்போதைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்கும் மட்டும் அந்த லைன் போட்டிருக்கிறோம், டிவி கலக்காத தனி இழையில். அங்கே போகும்போது மஞ்சள் மீட்டரை எடுத்துப் போய், பட்டனை 1550-க்கு வைத்து அளக்கிறேன்.